பழைய அவுட்போர்டு மோட்டார்: நாமே கை வைக்கலாமா, மெக்கானிக்கிட்ட விடலாமா?

இந்த வாரம் ஒரே ஒரு கேள்விதான். ஒரு பழைய அவுட்போர்டு மோட்டார் இருக்கு. படகோட பின் பலகையில மாட்டுவாங்களே, அந்த எஞ்சின். அதுக்கு சர்வீஸ் பண்ணணும். நாமே பண்ணலாமா, மெக்கானிக்கிட்ட கொடுக்கணுமா?

"நான் ஓஎம்ஆர்ல வாடகை வீட்ல இருக்கேன், எனக்கு எதுக்குடா படகு எஞ்சின்?"னு நீங்க கேக்கலாம். நியாயம்தான். ஆனா உங்ககிட்ட ஒரு பத்து வருஷப் பழைய பைக் இருக்கும். ஊர்ல அப்பாகிட்ட ஒரு பம்பு செட் இருக்கும். வீட்ல யாராவது "நீ இன்ஜினியர்தானே, வீடியோ பாத்து நீயே பண்ணிடேன்"னு சொல்லியிருப்பாங்க. அந்தக் கேள்விக்கு ஆமா, இல்லைன்னு ஒரே வார்த்தையில பதில் கிடையாது. எப்படி யோசிக்கிறதுன்னு ஒரு முறை இருக்கு. அது ரொம்பத் தெளிவாத் தெரியற இடம் கடல். அதனாலதான் படகு எஞ்சின்.

ஆறு போய்ச் சேர்ற இடம்

எனக்கு ஊர் விருத்தாசலம். பீங்கான் ஊர்னு சொல்வாங்க. நெய்வேலியில நிலக்கரி எடுக்கும்போது கிடைக்கிற களிமண் பக்கத்துலயே இருக்கு, பீங்கான் தொழில்நுட்பத்துக்குன்னே அரசு நடத்துற டிப்ளமோ நிறுவனம் ஊர்லயே இருக்கு, சூளைகள் இருக்கு. கடல் மட்டும் இல்ல. ஆனா எங்க ஊர் மணிமுத்தாறு வெள்ளாத்துல கலந்து, அந்த வெள்ளாறு பரங்கிப்பேட்டையில கடலுக்குப் போகுது. அதே பரங்கிப்பேட்டைக்காரன் ஒருத்தன் என்கூட ஒரே டீம்ல வேலை பாக்குறான். இந்த எஞ்சின் அவன் அப்பாவோடது.

கடலூர், நாகை கரையில ஃபைபர் படகுகளைப் பாத்தீங்கன்னா, நீளமா வால் மாதிரி ஷாஃப்ட் வச்ச டீசல் எஞ்சின்தான் அதிகம் கண்ணுல படும். அவுட்போர்டு மோட்டார் கன்னியாகுமரி, கேரளா பக்கம்தான் அதிகம். நண்பனோட அப்பா தெக்க ஒரு சொந்தக்காரர்கிட்டேர்ந்து செகண்ட் ஹேண்டா வாங்கிட்டு வந்தார். 9.9 குதிரைசக்தி, ரெண்டு சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக். பெட்ரோல்ல ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாத்துற வகை. எஞ்சினுக்கு வயசு எப்படியும் 15 இருக்கும்.

ஆகவே சிக்கல் என்னன்னா, இந்த எஞ்சினை நல்லாத் தெரிஞ்ச மெக்கானிக் பக்கத்துல இல்ல. வேலை தெரிஞ்சவர் இருக்கிறது கன்னியாகுமரி பக்கம். கூட்டிட்டு வரணும், இல்லைன்னா எஞ்சினை லாரியில அனுப்பணும். அனுப்பினா ஒரு வாரம், பத்து நாள் தொழில் நிக்கும். கிழக்குக் கரையில வருஷாவருஷம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இருக்கே, அப்ப விசைப்படகுகளைக் கரையில ஏத்தி சர்வீஸ் பண்ணுவாங்க. ஆனா கரையோரம் தொழில் பண்ற சின்ன ஃபைபர் படகுகள் வழக்கமா அந்த நாள்லயும் கடலுக்குப் போகும். அதனால இவங்களுக்குன்னு கட்டாய சர்வீஸ் லீவு கிடையாது. எஞ்சின் ஓடற வரைக்கும் ஓடும்.

நண்பன் என்கிட்ட சொன்னது: "மச்சான், டூல் செட் ஆன்லைன்ல போட்டுட்டேன். மேனுவல் பிடிஎஃப் இருக்கு. ரெண்டு வீக்கெண்ட். முழுசா நாமளே பிரிச்சு மாட்டிடலாம்."

அவன் அப்பா சொன்னது: "ஓடுற எஞ்சின் மேல எவனும் கை வைக்கக் கூடாது."

ரெண்டு பேர் சொல்றதுலயும் பாதி சரி இருக்கு. அதுதான் இந்த எபிசோட்.

காசு இல்ல, கேள்வி வேற

பொதுவா இந்த விஷயத்தை நாம காசுக் கணக்காத்தான் பாப்போம். மெக்கானிக் கூலி எவ்வளவு, டூல்ஸ் எவ்வளவு, என் சனிக்கிழமைக்கு விலை எவ்வளவு. பைக்குக்கு அந்தக் கணக்கு சரி. பைக் நின்னா ஓரமா தள்ளிட்டு நடந்துடலாம்.

கடல்ல ஓரம் கிடையாது. எஞ்சின் நின்ன படகு நின்ன இடத்துல நிக்காது. நீவாடு, அதாவது நீரோட்டம், மணிக்கு 1 கடல் மைல் வேகத்துல இழுத்தாக்கூட, அது 1.85 கிலோமீட்டர். 6 மணி நேரத்துல 11 கிலோமீட்டர் தள்ளிப் போயிடும். செல்போன் சிக்னல் கரையை விட்டுக் கொஞ்ச தூரம் வரைக்கும்தான். கோடியக்கரைக்குத் தெக்க பாக் நீரிணையில இதே பழுது வந்தா இன்னும் மோசம். 1974, 1976 ஒப்பந்தங்கள்ல வரைஞ்ச இந்தியா இலங்கை கடல் எல்லை அங்க ரொம்பப் பக்கம். மிதந்து அந்தப் பக்கம் போயிட்டா ஒரு பிளக் கோளாறு கைது வரைக்கும் போகலாம்.

அதனால முதல் கேள்வி இதுதான்: எஞ்சின் நிக்கும்போது படகுல யார் இருப்பாங்க?

மெக்கானிக் இருக்க மாட்டார். வீடியோ போட்டவர் இருக்க மாட்டார். சென்னையில உக்காந்திருக்கிற நானும் என் நண்பனும் இருக்க மாட்டோம். இருக்கப்போறது அவன் அப்பாவும் சித்தப்பாவும். அப்படின்னா கடல்ல செய்ய வேண்டி வரக்கூடிய வேலை ஒவ்வொண்ணையும் அவங்க ரெண்டு பேரும் கரையில செஞ்சு பழகியிருக்கணும். "எவனும் கை வைக்கக் கூடாது"ங்கிற அப்பாவோட விதி இங்க உடையுது.

ஆனா இன்னொரு பக்கம் பாருங்க. சில வேலையில நாம தப்புப் பண்ணா கரையில தெரியாது. தண்ணி டிரம்முல வச்சு ஓட்டிப் பாக்கும்போது நல்லா ஓடும். நாலு மணி நேரம் சுமை இழுத்தப்புறம், கரை கண்ணுக்குத் தெரியாத இடத்துல காட்டும். "முழுசா நாமளே"ங்கிற நண்பனோட விதி இங்க உடையுது.

ஆக, "எஞ்சினுக்கு சர்வீஸ்"னு மொத்தமா கேக்கக் கூடாது. ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியா மூணு கேள்வி கேக்கணும். ஒண்ணு, இது கடல்ல வச்சு செய்ய வேண்டி வருமா? ரெண்டு, நான் தப்புப் பண்ணா கரையிலயே தெரிஞ்சுடுமா? மூணு, தப்பானா பழையபடி திரும்ப மாட்ட முடியுமா, இல்ல பார்ட் உடைஞ்சே போயிடுமா?

முதல்ல, இந்த எஞ்சினுக்கு செலவு பண்ணலாமா?

வேலைகளைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு படி இருக்கு. பழைய எஞ்சினுக்கு சர்வீஸ் பண்றது தகுமான்னு பாக்கணும். இதுக்கு ரெண்டு சோதனை.

முதல் சோதனை கம்ப்ரெஷன். ஒரு கேஜ் வாங்கிக்கலாம், இரவலும் கிடைக்கும். எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓட்டி சூடாக்கி நிறுத்திட்டு, ரெண்டு பிளக்கையும் கழட்டி, பிளக் ஒயரை எஞ்சின் பாடியில எர்த் பண்ணி, ஒரு சிலிண்டர்ல கேஜை மாட்டி, த்ராட்டிலை முழுசாத் திறந்து, முள் ஏறுறது நிக்கிற வரைக்கும் கயிறை இழுக்கணும். அடுத்த சிலிண்டருக்கும் அதே மாதிரி. ரெண்டுக்கும் வர்ற எண்கள் சுமார் 10 சதவீதத்துக்குள்ள இருந்தா நல்லது. ஒண்ணு மட்டும் நல்லா இறங்கியிருந்தா பிஸ்டன் ரிங்கோ, சிலிண்டரோ, ஹெட் கேஸ்கெட்டோ போயிருக்கு. அந்த நிலையில பிளக்கும் ஆயிலும் மாத்துறது, இடிஞ்ச சுவத்துக்கு வெள்ளை அடிக்கிற மாதிரி.

ரெண்டாவது சோதனை பார்ட்ஸ். அவுட்போர்டு மோட்டாரை வியாபாரமா வளர்த்தவர் ஓலே எவின்ரூட். அமெரிக்காவுல மில்வாக்கியில 1909-ல ஆரம்பிச்சார். அவர் பேர்ல வந்த எவின்ரூட் மோட்டார் தயாரிப்பையே அதை வச்சிருந்த கம்பெனி 2020-ல நிறுத்திடுச்சு. நூறு வருஷம் தாண்டின பேருக்கே அந்த நிலைமை. அதனால உங்க மாடலுக்கு இம்பெல்லர், சீல், கேஸ்கெட் இப்ப எங்க கிடைக்கும்னு ஒரு போன் போட்டுக் கேட்டுட்டுத்தான் ஸ்பேனரைத் தொடணும். பிரிச்சுப் போட்டப்புறம் தேடக் கூடாது.

நம்ம எஞ்சின் ரெண்டுலயும் பாஸ். ரெண்டு சிலிண்டருக்கும் வித்தியாசம் கம்மி. பார்ட்ஸ் நாகர்கோவில்ல கிடைக்குது.

முதல் குவியல்: கட்டாயம் நாமே செய்யணும்

கடல்ல எஞ்சின் நின்னா முதல்ல பாக்கிறது ரெண்டுதான். எண்ணெய் வருதா, நெருப்புப் பொறி வருதா?

எண்ணெயில ஆரம்பிக்கிறேன். டேங்க் மூடியில காத்து வர்ற திருகு திறந்திருக்கா, ஹோஸ்ல இருக்கிற ரப்பர் உருண்டையை அமுக்கினா இறுகுதா, ஃபில்டர்ல தண்ணி நிக்குதா. இதுக்கெல்லாம் பெரிய டூல் வேண்டாம். மண்ணெண்ணெய் எஞ்சின்ல கூடுதலா ஒரு பழக்கம் வேணும். நிறுத்துறதுக்கு முன்னாடி பெட்ரோலுக்கு மாத்தி கொஞ்ச நேரம் ஓட்டணும். அப்பதான் கார்புரேட்டர்ல பெட்ரோல் நிக்கும், அடுத்த தடவை ஆறின எஞ்சின் ஸ்டார்ட் ஆகும். மண்ணெண்ணெய்லயே நின்னு ஆறிடுச்சுன்னா, கயிறை இழுத்து இழுத்து தோள் கழண்டாலும் பிடிக்காது. கார்புரேட்டர் அடியில இருக்கிற கிண்ணத்தோட திருகைத் திறந்து மண்ணெண்ணெயை வடிச்சுட்டு, பெட்ரோல் விட்டு இழுக்கணும். ஆடுற படகுல இதை முதல் தடவையா செய்யக் கூடாது.

பெட்ரோல்லயும் இப்ப ஒரு புது விஷயம் சேர்ந்திருக்கு. 20 சதவீதம் எத்தனால் கலக்கிற இலக்கை 2025-ல எட்டியாச்சுன்னு அரசு சொல்லியிருக்கு. அவுட்போர்டு கம்பெனிகள் பொதுவா 10 சதவீதம் வரைக்கும்தான் எத்தனாலை ஒத்துக்கறாங்க. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் ஹோஸ், டயாஃப்ரம் இதெல்லாம் ஊறி, வெடிச்சுப் போகலாம். இந்த எஞ்சின்ல பெட்ரோல் ஸ்டார்ட் பண்றதுக்கு மட்டும்தான். அதனால ஒரு கேன் வாங்கினா வாரக்கணக்குல உப்புக் காத்துல கிடக்கும். கொஞ்சமா வாங்கணும், மூடி வைக்கணும், பழசை எஞ்சின்ல ஊத்தக் கூடாது. ஹோஸை மாசம் ஒரு தடவை விரலால அமுக்கிப் பாக்கணும்.

அடுத்தது பிளக். இங்க நான் விருத்தாசலத்துக்காரனா கொஞ்சம் பேசிக்கறேன். ஸ்பார்க் பிளக்ல வெள்ளையா தெரியுதே, அது பீங்கான். சாதாரண டீ கப் களிமண் இல்ல. பெரும்பகுதி அலுமினா, அதாவது அலுமினியம் ஆக்சைடு. கிட்டத்தட்ட 1600 டிகிரி செல்சியஸ்ல சுட்டு எடுப்பாங்க. அதோட வேலை, உள்ள போற ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரத்தை வெளிப்பக்கம் ஒழுக விடாம நுனி வரைக்கும் கொண்டு போய்ச் சேர்க்கிறது. ஒரு கப்பைத் தட்டி, "ணங்"னு வந்தா முழுசு, "டொப்"னு வந்தா விரிசல்னு எங்க ஊர்ல சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் காது கண்டுபிடிச்சுடும். ஆனா பிளக்கைத் தட்டிப் பாக்க முடியாது, இரும்பு உறை அதைப் பிடிச்சிருக்கு. அதனால விதி எளிமையானது: கல்லு மேலயோ படகுத் தளத்துலயோ விழுந்த பிளக்கை நம்பாதீங்க. முடி அளவு விரிசல்ல பொறி ஒழுகிடும். கரையில ஓடும், சுமை ஏறினா மிஸ் அடிக்கும். பீங்கான்ல விட்ட விரிசலை எந்தச் சூளையிலயும் திரும்ப ஒட்ட முடியாது. புதுசு போடணும்.

பிளக்கோட நுனி நிறம் எஞ்சினைப் பத்தி நிறைய சொல்லும். காபிப்பொடி நிறம்னா நல்லா எரியுது. கறுப்பா, ஈரமா இருந்தா எண்ணெய் அதிகம், எரியறது போதல. வெள்ளையா வெந்து போயிருந்தா எண்ணெய் குறைவு, இல்ல சூடு அதிகம். மண்ணெண்ணெய் எஞ்சின்ல கரி சீக்கிரம் படியும், அதனால அடிக்கடி கழட்டிப் பாக்கணும். நுனியில இருக்கிற இடைவெளியை ஃபீலர் கேஜ் வச்சு மேனுவல்ல போட்ட அளவுக்கு வைக்கணும். மாட்டும்போது முதல்ல கையாலயே திருகி மரையில உக்கார வைக்கணும். எஞ்சின் தலை அலுமினியம். கோணலா ஸ்பேனர் போட்டா மரை போயிடும்.

கடைசியா நல்ல தண்ணி. தொழில் முடிஞ்சு கரைக்கு வந்ததும் டிரம்முல நல்ல தண்ணி வச்சு எஞ்சினை ஓட்டி உள்ள இருக்கிற உப்பைக் கழுவணும். இதுக்குக் காசே கிடையாது. எஞ்சினோட ஆயுசைக் கூட்டுறதுல முக்கியமான வேலை இதுதான்.

ரெண்டாவது குவியல்: ஒரு தடவை தெரிஞ்சவரோட, அப்புறம் நாமே

இந்தக் குவியல்ல இருக்கிற வேலைகள்ல தப்புப் பண்ணா கரையிலயே தெரிஞ்சுடும். அதனால கத்துக்கலாம்.

கியர் ஆயில். அடிக் கால்ல ரெண்டு திருகு இருக்கும். கீழ ஒண்ணு, மேல ஒண்ணு. ரெண்டையும் திறந்து பழசை வடிக்கணும். புதுசை மேலேர்ந்து ஊத்தக் கூடாது, உள்ள காத்து சிக்கிக்கும். கீழ் ஓட்டையில டியூபை வச்சு அமுக்கி, மேல் ஓட்டையில ஆயில் வழியற வரைக்கும் ஏத்தணும். அப்புறம் முதல்ல மேல் திருகை மூடணும், பிறகு கீழ. திருகோட வாஷரை ஒவ்வொரு தடவையும் புதுசா போடணும்.

இம்பெல்லர். எஞ்சினுக்குக் கடல் தண்ணியை ஏத்தி சூட்டைத் தணிக்கிற சின்ன ரப்பர் சக்கரம். அது வேலை செய்யுதான்னு காட்டத்தான் பின்னால ஒரு ஓட்டையில தண்ணி பீச்சும். அது மெலிஞ்சா இம்பெல்லர் போகுது, இல்ல வழி அடைச்சிருக்கு. வருஷத்துக்கு ஒண்ணு மாத்துறது நல்ல பழக்கம். மாத்த அடிக் காலைக் கழட்டணும், கியர் கம்பியைப் பிரிக்கணும், சின்ன சாவித்துண்டைத் தொலைக்காம வைக்கணும், இறக்கைகள் சரியான பக்கம் மடங்கியிருக்கணும். கொஞ்சம் நிதானம் வேணும். ஆனா சரியா மாட்டினோமான்னு டிரம்முல வச்சு ஓட்டினா உடனே தெரிஞ்சுடும். தண்ணி பீச்சுதா, கியர் முன்ன பின்ன விழுதா. தண்ணி இல்லாம மட்டும் ஒரு நிமிஷம்கூட ஓட்டாதீங்க. புது ரப்பர் அப்பவே கருகிடும்.

துத்தநாகத் துண்டு. எஞ்சின் உப்புல அரிக்காம, தான் அரிஞ்சு போறதுக்குன்னே மாட்டியிருப்பாங்க. பாதி கரைஞ்சா மாத்தணும். அழகா இருக்கட்டும்னு அது மேல பெயின்ட் அடிச்சா அது வேலை செய்யாது.

இந்தக் குவியலுக்கு ஒரே ஒரு நிறுத்து விதி. சாதாரண ஸ்பேனருக்கு அசையாத போல்ட்டை நீங்க அசைக்காதீங்க. அலுமினியத்துக்குள்ள இருக்கிற ஸ்டெயின்லெஸ் போல்ட் உப்புல அப்படியே ஒட்டிப்போகும். பைப்பைச் சொருகி நெம்பினா போல்ட் தலை கையோட வந்துடும், உடம்பு உள்ளயே நிக்கும். பத்து நிமிஷ வேலை அப்ப ஒர்க்‌ஷாப் வேலை ஆகிடும்.

மூணாவது குவியல்: கொடுத்துடணும்

அடிக் கால் சீல்கள். மாட்டினது சரியான்னு பாக்க, மெக்கானிக் உள்ள காத்து அடிச்சு, தண்ணியில முக்கி, குமிழி வருதான்னு பாப்பார். சைக்கிள் டியூப் பஞ்சர் பாக்கிற மாதிரி. அந்தச் சோதனை இல்லாம சீல் மாத்துறது குருட்டு நம்பிக்கை.

ஃப்ளைவீலுக்கு அடியில இருக்கிற எதுவும். அதைக் கழட்ட அதுக்கான புல்லர் வேணும். சுத்தியலால தட்டினா காந்தம் உடையலாம், ஷாஃப்ட் வளையலாம்.

சிலிண்டர் ஹெட். போல்ட்டுகளை எந்த வரிசையில, எவ்வளவு இறுக்கணும்னு மேனுவல்ல கணக்கு இருக்கு. டார்க் ரெஞ்ச் இல்லாம, கை உணர்வுல இறுக்கினா டிரம்முல தெரியாது. நான் சொன்ன அந்த நாலாவது மணி நேரத்துல தெரியும்.

கடல் தண்ணியில முங்கின எஞ்சினும் இந்தக் குவியல்தான், ஆனா முதல் உதவி உங்க கையில. அன்னைக்கே நல்ல தண்ணியில கழுவி, பிளக்கைக் கழட்டி, கயிறை மெல்ல இழுத்து உள்ள இருக்கிற தண்ணியை வெளியேத்தி, ஆயில் விட்டு, சில மணி நேரத்துக்குள்ள ஓட வைக்கணும். மணல் புகுந்திருந்தாலோ, ஓடிக்கிட்டு இருக்கும்போதே முங்கியிருந்தாலோ கயிறையே இழுக்காதீங்க. 2004 சுனாமிக்கு அப்புறம் நம்ம கரை முழுக்க முங்கின எஞ்சின்கள் கிடந்தது. காத்திருக்கிற ஒவ்வொரு நாளும் உப்பு உள்ள வேலை பாக்கும்.

பால் மாதிரி வந்த ஆயில்

இப்ப நம்ம எஞ்சின் கதைக்கு வரேன். செப்டம்பர்ல ஒரு சனிக்கிழமை. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாடி வேலையை முடிச்சுடணும்னு போனோம். முதல் குவியல் முழுக்க அப்பாவும் சித்தப்பாவும்தான் செஞ்சாங்க. நாங்க பக்கத்துல உக்காந்து மேனுவலைப் படிச்சோம். கியர் ஆயிலுக்கு, எஞ்சின் வித்த சொந்தக்காரர் வீடியோ கால்ல வந்தார்.

கீழ் திருகைத் திறந்ததும் வந்த ஆயில் பால் கலந்த டீ மாதிரி இருந்தது. ஆயில் அப்படி வெளுத்து வந்தா உள்ள தண்ணி போயிருக்குன்னு அர்த்தம். சீல் போச்சு. அது மூணாவது குவியல்.

நண்பன் மேனுவலைப் புரட்டி, "சீல் கிட் வெலை கம்மிதான். நாமளே போட்டுடலாம்பா"ன்னான். அப்பா வேற மாதிரி யோசிச்சார். "புது ஆயிலை ஊத்தி இந்த சீசனை ஓட்டிடுவோம். மழை வந்தா எப்படியும் படகு கரையிலதான் கிடக்கும். அப்ப அனுப்பலாம். இப்ப மீன் படுது தம்பி."

சும்மா சொல்லல அவர். அந்த ரெண்டு வாரம்தான் அவருக்கு வருமானம். நான் அவர்கிட்ட ஒரு கேள்விதான் கேட்டேன்: "கியர் உள்ள துருப்பிடிச்சுப் பிடிச்சிக்கிச்சுன்னா, கடல்ல அதை நீங்க சரி பண்ண முடியுமா ப்பா?" கொஞ்ச நேரம் ஆயில் தட்டையே பாத்தார். "பிளக்குன்னா மாத்திடுவேன். இது ஆவாது"ன்னார்.

திங்கட்கிழமை எஞ்சின் லாரி ஏறிச்சு. 9 நாள் ஆச்சு. அந்த 9 நாளும் அவரும் சித்தப்பாவும் பக்கத்து வீட்டுப் படகுல பங்குக்குப் போனாங்க. சொந்தப் படகுல வர்றதைவிட ரொம்பக் குறைச்சல். இந்த இழப்பை நான் மறைக்கல. சரியான முடிவுக்கும் விலை உண்டு. மெக்கானிக் திருப்பி அனுப்பும்போது பழைய சீலையும் கூட வச்சு அனுப்பினார். ஷாஃப்ட்ல நரம்பு வலை சுத்தி, சீலோட உதட்டை அறுத்திருக்கு. இப்ப சித்தப்பா மாசம் ஒரு தடவை புரொப்பல்லரைக் கழட்டி, வலை நூல் சுத்தியிருக்கான்னு பாக்கறார். அது முதல் குவியல்ல சேர்ந்த புது வேலை. நல்ல மெக்கானிக்கிட்ட கொடுத்தா வேலையோட சேர்த்து காரணமும் திரும்பி வரும். கேட்டு வாங்கிக்கணும்.

நீங்க எடுத்துட்டுப் போக வேண்டியது

படகு வச்சிருக்கிறவங்க இதைக் கேட்டா: ஒரு சின்ன தண்ணி புகாத டப்பா. அதுல ரெண்டு புது பிளக், பிளக் ஸ்பேனர், புரொப்பல்லர் பின், ஸ்டார்ட் பண்ற கயிறு ஒண்ணு, ஃபில்டர், ஹோஸ் துண்டு, கொறடு, ஸ்க்ரூ டிரைவர், டார்ச். ராத்திரி, டார்ச் வெளிச்சத்துல, முதல்ல கரையில ஒரு தடவை பிளக் மாத்திப் பாருங்க. துடுப்பும் லைஃப் ஜாக்கெட்டும் எஞ்சின் எவ்வளவு புதுசா இருந்தாலும் படகுல இருக்கணும். கடலோரக் காவல் படையோட அவசர எண் 1554. போன்ல சேவ் பண்ணா போதாது, படகோட பலகையில பெயின்ட்ல எழுதுங்க.

படகு இல்லாத நம்ம எல்லாருக்கும்: அடுத்த தடவை வீட்ல எதையாவது "நாமே பண்ணலாமா"ன்னு பேச்சு வந்தா, மொத்தமா சண்டை போடாதீங்க. ஒரு பேப்பரை எடுத்து, வேலைகளைத் தனித்தனியா எழுதி, மூணு குவியலாப் பிரிங்க. பிரிக்கும்போது அந்தப் பொருளைத் தினமும் பயன்படுத்துறவர் பக்கத்துல இருக்கட்டும். நடுவழியில நின்னுட்டா அதோட நிக்கப்போறது அவர்தான்.

உங்க வீட்டுக் குவியல்கள் எப்படி பிரிஞ்சதுன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. பம்பு செட்டு வச்சிருக்கிறவங்க கட்டாயம் அனுப்புங்க, அதுக்குத் தனியா ஒரு எபிசோட் பண்ணலாம்னு இருக்கேன். அடுத்த வாரம் பாப்போம்.